உட்கார எவ்வளவு சார்?

ரெண்டு வாரமா ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி. ரிலீஸ் முடிஞ்சு மூச்சு விட்ட கையோட இதை எழுத உட்கார்ந்துட்டேன். எழுதலைன்னா வயித்தெரிச்சல் அடங்காது.

டிஸ்கி: 'சென்னையில் பார்க்க வேண்டிய பத்து இடங்கள்'னு தேடி வந்தவங்க இப்பவே ஜகா வாங்கிக்கலாம். அப்புறம், இதுல நான் திட்டப்போற ஆட்கள்ல முதல் ஆள் நான்தான். அதனால யாரும் கோவிச்சுக்கப்படாது.

விஷயம் இதுதான் மக்களே. பொட்டி தட்டுற நம்ம கும்பலுக்கு, ஊர்லேர்ந்து ஒரு பழைய சிநேகிதன் வந்தா அவனோட ரெண்டு நாள் எப்படி இருக்கறதுன்னே மறந்துபோச்சு. எங்க கூட்டிட்டுப் போய் செலவு பண்றதுன்னு மட்டும்தான் தெரியுது. மெனு கார்டு இல்லாத இடத்துல ரெண்டு பேர் பேசிக்கவே முடியாதுன்னு நாமளும் நம்பிட்டோம், இந்த ஊரும் நம்பிடுச்சு. இது நோய். இதுக்கு மருந்து அரசாங்கத்துகிட்ட கொஞ்சம் இருக்கு, நம்மகிட்ட கொஞ்சம் இருக்கு. ரெண்டு பேருமே கொடுக்கறதில்லை.

இப்ப கொசுவத்தி.

காலேஜ் ஹாஸ்டல்ல நாலு வருஷம் என் ரூம்மேட். பேர் வேண்டாம். ஹாஸ்டல்ல அவனுக்குப் 'பட்டாணி'ன்னு பேரு, இங்கேயும் அப்படியே இருக்கட்டும். சொந்த ஊர் கோவில்பட்டி. நான் தென்காசிப் பக்கம். படிப்பு முடிஞ்சு அவன் பெங்களூரு போனான், நான் சென்னை வந்தேன். வாட்சப்ல பொறந்தநாள் வாழ்த்து, எவனாவது கல்யாண வீட்ல அரை மணி நேரம், அவ்வளவுதான் ஆறு வருஷமா. திடீர்னு போன மாசம் ஒரு வியாழக்கிழமை போன். "மக்கா, சனி ஞாயிறு சென்னை வாரேன். சும்மாதான். இருப்பியாலே?"

இருக்காமலா! உடனே எக்செல்ல ஒரு ஷீட் திறந்தேன். சிரிக்காதீங்க, நிஜமாத்தான். பத்தரைக்கு பிரஞ்ச், ஒன்றரைக்குப் படம், நாலரைக்கு பௌலிங், ஏழு மணிக்கு ஈசிஆர்ல பாட்டு போடற ஒரு இடம். அங்க உள்ள போறதுக்கே தனியாக் காசு. ஆபீஸ்ல டீம் அவுட்டிங்குக்குப் போட்ட அதே ஷீட்தான். பேரை மட்டும் மாத்தினேன்.

சனிக்கிழமை காலையில தாம்பரத்துல போய் நின்னேன். நெல்லையிலேர்ந்து வர்ற வண்டியில இறங்கினான். கையில ரெண்டு பாக்கெட் கடலை மிட்டாய். பெங்களூருல வேலை பாக்கறவன் தெக்கத்தி வண்டியில எப்படி வர்றான்னு அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும். "ஊருக்குப் போயிட்டு அப்படியே வாரேன்"ன்னான். நானும் தலையாட்டிட்டேன். ஆள் கொஞ்சம் இளைச்சிருந்தான். "ஜிம்மா?"ன்னு கேட்டேன். அப்பேர்ப்பட்ட புத்திசாலி நான்.

அன்னைக்கு நாள் எப்படிப் போச்சுன்னு சொல்றேன். பிரஞ்சுக்குப் போன இடத்துல நாற்காலி இரும்பு. பார்க்க அழகா இருக்கும், இருபது நிமிஷத்துக்கு மேல உட்கார்ந்தா இடுப்பு கழண்டுடும். அந்த நாற்காலிய அப்படி செஞ்சது தற்செயலான்னு எனக்கு ரொம்ப நாளா சந்தேகம். பாட்டு வேற சத்தமா. "என்ன மக்கா, வீட்ல எல்லாரும்..."ன்னு நான் ஆரம்பிச்சா, "ஆங்?"ன்னு அவன். அப்புறம் ரெண்டு பேரும் மெனுவையே படிச்சோம். படத்துல ரெண்டே முக்கால் மணி நேரம் பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்து வாயைத் திறக்கலை. இடைவேளையில பாப்கார்ன். டிக்கெட்டை விட பாப்கார்ன் விலை ஜாஸ்தின்னு தமிழ்நாட்டுல யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பௌலிங்ல அவன் பந்தை உருட்டும்போது நான் ஃபோட்டோ எடுத்தேன், நான் உருட்டும்போது அவன் எடுத்தான். நடுவுல மாலோட சாப்பாட்டுக் கடைப் பக்கம் ஒரு மேசையில உட்கார்ந்தோம். காபி கப் காலியானதும் துடைக்கற அம்மா வந்துட்டாங்க. அவங்க மேல தப்பே இல்லை, பாவம். காலியான மேசையில ஆள் உட்கார்ந்திருந்தா அவங்களுக்குத்தான் மேலிடத்துல திட்டு விழும்.

சாயங்காலம் கணக்குப் போட்டேன். பிரஞ்ச் 2,340. கேப் 680. படமும் பாப்கார்னும் 1,150. பௌலிங் 900. மொத்தம் 5,070 ரூபாய். பழக்க தோஷம் பாருங்க, வாயில தானா வந்துடுச்சு: "ஸ்ப்ளிட் போட்டுடலாமா?"

அவன் ஒரு நொடி என்னைப் பார்த்தான். "போடு மக்கா"ன்னான். என் போன்ல டிங்குன்னு சத்தம். 2,535 ரூபாய் வந்து விழுந்துச்சு.

அந்த டிங் சத்தம் இப்பவும் காதுல கேக்குது.

ஈசிஆர் கிளம்பணும்னு கேப் தேடிட்டு இருக்கேன். "தலைவலிக்குலே. வேற எங்கயாவது போவோமா? மெரினா எவ்வளவு தூரம்?"னு கேட்டான். மெரினாவா, அங்க என்ன இருக்குன்னு மனசுக்குள்ள நினைச்சேன். சென்னை வந்து ஆறு வருஷம் ஆச்சு. மெரினா மணல்ல கடைசியா எப்ப உட்கார்ந்தேன்னு யோசிச்சா ஞாபகம் வரலை. சரின்னு போனோம்.

சனிக்கிழமை ராத்திரி மெரினா எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியும். குழந்தைங்க, பலூன் சுடற கடை, மிளகாய் பஜ்ஜி வாசனை, குதிரை, ரங்கராட்டினம், காலை நீட்டி உட்கார்ந்திருக்கற பாட்டிங்க. எல்லாத்தையும் தாண்டி அலை சத்தம் கேக்கற தூரத்துல போய் உட்கார்ந்தோம். சுண்டல்காரர் வந்தார். ரெண்டு பொட்டலம் 40 ரூபாய். பட்டாணிதான் கொடுத்தான்.

நாற்காலி இல்லை, மேசை இல்லை, யாரும் துடைக்க வரலை. ஒரு பத்து நிமிஷம் சும்மா இருந்தோம். அப்புறம் கடலைப் பார்த்துக்கிட்டே சொன்னான். "வேலை போயிட்டுலே."

மூணு மாசம் ஆச்சாம். ஒரு காலையில மெயில், பத்து நிமிஷ வீடியோ கால், லேப்டாப்பைத் திருப்பிக் கொடு, முடிஞ்சது. பெங்களூருல முதல் ஒரு மாசம் ரூம்ல இருந்த பசங்ககிட்டக்கூட சொல்லலை. தினமும் காலையில குளிச்சு, சட்டை மாட்டி, பையைத் தூக்கிட்டுக் கிளம்பியிருக்கான். எங்க போனே என்று கேட்டேன். கப்பன் பார்க். சாயங்காலம் வரைக்கும் ஒரு மரத்தடிப் பெஞ்சுல உட்கார்ந்து வேலை தேடியிருக்கான். மதியம் பன் வாங்கிச் சாப்பிட்டிருக்கான். அப்புறம் வாடகை கட்ட முடியாம ரூமைக் காலி பண்ணிட்டுக் கோவில்பட்டி போயிட்டான். திங்கட்கிழமை சென்னையில ஒரு இன்டர்வியூ. அதுக்குத்தான் 'சும்மா' வந்திருக்கான்.

நான் காலையிலேர்ந்து அவனைக் கூட்டிட்டுச் சுத்தறேன். பத்து மணி நேரம். இதைச் சொல்ல அவனுக்கு ஒரு இடம் கிடைக்கலை. எக்செல்ல அதுக்கு ஒரு வரிசை கூட இல்லை. கடைசியில 40 ரூபாய் சுண்டலும் யாருக்கும் சொந்தமில்லாத மணலும்தான் வேண்டியிருந்தது.

இந்தக் கடுப்புலதான் இந்தப் பதிவு. இனிமே திட்டு.

முதல்ல நமக்கு. "சென்னையில பார்க்க என்னடா இருக்கு, வெயிலைத் தவிர?"னு ஆபீஸ் கேன்டீன்ல பேசாத ஆள் உண்டா? நானும் பேசியிருக்கேன். மத்திய கைலாஷ்லேர்ந்து சிறுசேரி வரைக்கும் ஐடி நெடுஞ்சாலை சுமார் 20 கிலோமீட்டர். இந்த 20 கிலோமீட்டர்ல காசு கொடுக்காம, யாரும் 'என்ன வேணும்'னு கேக்காம, நிழல்ல உட்கார எத்தனை இடம் இருக்குன்னு விரல் விட்டு எண்ணிப் பாருங்க. நான் எண்ணினேன். பஸ் ஸ்டாப்பை விட்டா ஒரு கை விரலே மிச்சம். அந்தச் சாலையில தினமும் போயிட்டு வர்ற நாம, அதுதான் மொத்த சென்னைன்னு நினைச்சுக்கிட்டு 'ஒண்ணுமில்லை'ன்னு தீர்ப்பு வேற சொல்றோம். வாழ்ந்தது ஒரு ரோட்டுல, குறை சொல்றது ஊரை.

எங்க ஊர்ல வாய்க்கால் பாலத்துக் கட்டைன்னு ஒண்ணு உண்டு. உங்க ஊர்ல ஆலமரத்து மேடையா இருக்கும், டீக்கடை பெஞ்சா இருக்கும், பழைய வீட்டுத் திண்ணையா இருக்கும். வேலை போனவன், கல்யாணம் நின்னவன், அப்பாகிட்ட அடி வாங்கினவன் எல்லாம் அங்கதான் வந்து உட்காருவான். கேக்க ஆள் இருக்கும். யாரும் பில் நீட்ட மாட்டாங்க. இங்க மாசம் சம்பளம் வர்ற வரைக்கும்தான் நமக்கு உட்கார இடம். சம்பளம் நின்ன மறுநாள் உங்க சிநேகிதனோட உட்கார எங்க போவீங்கன்னு யோசிச்சுப் பாருங்க. ரொம்ப தூரத்து விஷயமாத் தோணும். பட்டாணிக்கும் அப்படித்தான் இருந்துச்சு, அந்த மெயில் வர்ற வரைக்கும்.

அடுத்து, ஊரை நடத்தறவங்களுக்கு.

மெரினா நமக்கு வந்தது சும்மா இல்லை. 1880கள்ல கவர்னரா இருந்த கிராண்ட் டஃப் அந்தக் கரையோர நடைபாதையைப் போட்டு, மெரினான்னு பேரும் வச்சார். 1923ல சிங்காரவேலர் மே தினத்தைக் கொண்டாடினது இந்தக் கடற்கரையிலதான், இந்தியாவுல அதுதான் முதல் மே தினம். அங்க இருக்கற உழைப்பாளர் சிலை தேவிபிரசாத் ராய் சௌத்ரி செஞ்சது, 1959ல திறந்தாங்க. 2017 ஜனவரியில ஜல்லிக்கட்டுக்காக லட்சக்கணக்குல பசங்க வந்து உட்கார்ந்ததும் இதே மணல்தான். கவனிங்க, 'உட்கார்ந்தது'. இந்த ஊரோட பெரிய பேச்செல்லாம் காசு வாங்காத மணல்லதான் நடந்திருக்கு. மண்டபத்துல டிக்கெட் போட்டு நடக்கலை.

நல்லதைச் சொல்லணும்னா சொல்றேன். 2022 நவம்பர்ல மெரினாவுல மாற்றுத்திறனாளிகளுக்காக மரப்பாதை திறந்தாங்க. சக்கர நாற்காலியில இருந்தவங்க அலைக்குப் பக்கத்துல போய்ப் பார்த்தாங்க. அடுத்த மாசமே மாண்டஸ் புயல் அதைப் பெயர்த்துப் போட்டுச்சு. மறுபடி சரி பண்ணினாங்க. சபாஷ். 2019ல பாண்டி பஜார்ல நடைபாதையை அகலப்படுத்தி உட்கார இடமும் போட்டாங்க. பிளாட்பாரம்னா பைக் போற வழின்னு நினைச்சிட்டிருந்த ஊர்ல அது பெரிய காரியம். அதுக்கும் சபாஷ். அப்ப செய்யத் தெரியும். தெரிஞ்சும் எல்லா இடத்துலயும் செய்யாததுதான் எரிச்சல்.

இன்னொரு பக்கம் பாருங்க. கதீட்ரல் சாலையில கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா, 2024 அக்டோபர்ல திறந்தது. கண்ணாடி மாளிகை, பறவைக் கூடம், கம்பியில தொங்கிட்டுப் போற ஜிப்லைன், எல்லாம் உண்டு. திறந்தப்ப உள்ள போக பெரியவங்களுக்கு 100 ரூபாய் கட்டணம். ஜிப்லைனுக்குக் காசு வாங்குங்க, நான் ஒண்ணும் சொல்லலை. ஆனா மரத்தடிக்குமா? நாலு பேர் இருக்கற குடும்பம், அப்பா ஆட்டோ ஓட்டறார்னு வைங்க. ஞாயித்துக்கிழமை பூங்காவுக்குள்ள காலை வைக்கறதுக்கே முன்னூறு ரூபாய் எடுத்து வைக்கணும்னா, அவங்க எங்க போவாங்க? நகர நடுவுல அரசாங்க நிலம். தோட்டம் பராமரிக்கக் காசு வேணும்னு சொல்லுவாங்க. ரோடு பராமரிக்கவும்தான் காசு வேணும், நடந்து போறவங்ககிட்ட டிக்கெட்டா கிழிக்கறாங்க?

சரி, ஞாயித்துக்கிழமைக்கு வர்றேன்.

ஷீட்டை டெலிட் பண்ணிட்டேன். வேளச்சேரியில பறக்கும் ரயில் ஏறினோம். பக்கிங்காம் கால்வாய்லயே தூணை நட்டு, ஓடற தண்ணியை மறிச்சு, அது மேல கட்டின ரயில். அந்தப் பாவத்தைப் பத்தித் தனிப் பதிவே போடலாம். ஸ்டேஷன் ஒவ்வொண்ணும் கல்யாண மண்டபம் சைஸ், உள்ள மனுஷங்களை விட புறா ஜாஸ்தி. அவ்வளவு பெரிய கூரை, அவ்வளவு நிழல், அதுல நாலு பெஞ்சு உருப்படியா இல்லை. ஆனா ஜன்னலோரம் காத்து வரும் பாருங்க, அதுக்கு ஈடே கிடையாது. டிக்கெட் காசு முந்தின நாள் குடிச்ச காபியில ரெண்டு வாய்க்குக் கூடக் காணாது. ரெண்டு பேரும் படிக்கட்டுப் பக்கம் நின்னு ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பத்திப் பேசிக்கிட்டே திருமயிலை போய்ச் சேர்ந்தோம்.

கபாலீஸ்வரர் கோயில்ல பிரகாரத்துல உட்கார்ந்தோம். சாமி கும்பிட்டதும் கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டுத்தான் எழுந்து வரணும்னு எங்க ஆச்சி சொல்லும். உட்காரலைன்னா கும்பிட்டது கணக்குல சேராதாம். இந்த ஊர்ல உட்கார்றதை ஒரு கடமையாவே வச்சிருக்கறது கோயில் ஒண்ணுதான் போல. (சாந்தோம் தேவாலயத்துப் பெஞ்சும் அப்படித்தான், யாரும் எதுக்கு வந்தேன்னு கேக்க மாட்டாங்க.) பட்டாணி கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான். தூங்கிட்டான்னு நினைச்சேன். "இன்டர்வியூல ஏன் மூணு மாசம் இடைவெளின்னு கேட்டா என்னலே சொல்ல?"ன்னான் கண்ணைத் திறக்காமலே. அதைப் பத்தி ஒரு மணி நேரம் பேசினோம். மத்தியானம் நடை சாத்தற நேரமாச்சு, கிளம்பச் சொன்னாங்க.

அடுத்து ஒரு பூங்காவுக்குப் போனோம். எதுன்னு சொல்லலை. வாசல்ல பெரிய பூட்டு. திறக்கற நேரம் காலை, மாலைன்னு போர்டு. அதாவது நிழல் தேவைப்படாத நேரத்துல மரத்தடி திறந்திருக்கும், வெயில் மண்டையைப் பிளக்கற நேரத்துல மரமெல்லாம் உள்ள, மனுஷன் வெளிய. இந்த நேரத்தை யோசிச்சு முடிவு பண்ணினவர் யாரா இருந்தாலும் ஏசி அறையில உட்கார்ந்துதான் பண்ணியிருப்பார். கம்பி வழியா வெறும் பெஞ்சுங்களைப் பார்த்துட்டு நின்னோம். மதில் ஓரமா இளநீர் வண்டி வச்சிருந்த அண்ணன் ரெண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டார். "இளநி வாங்கினாத்தான்னு இல்ல தம்பி, உக்காருங்க"ன்னார். வாங்கினோம், அது வேற விஷயம்.

"மத்தியானம் திறந்து வச்சா குடிகாரங்க வந்து படுத்துடுவாங்க சார்"னு ஒரு வாதம் வரும். வரட்டுமே. படுக்கறதுக்கு இடமில்லாதவன் மரத்தடியில படுத்தா யாருக்கு நஷ்டம்? கலாட்டா பண்ணினா காவலாளி எதுக்கு இருக்கார்? நாலு பேர் படுத்துடுவாங்கன்னு நாப்பது பேருக்கும் சேர்த்துப் பூட்டு போடறது எந்த ஊர் நியாயம்? எங்க ஹாஸ்டல்லயும் ஒருத்தன் கண்ணாடியை உடைச்சான்னு வருஷம் பூரா டிவி ரூமைப் பூட்டி வச்சிருந்தாங்க. அதே மூளை.

அங்கேயிருந்து கோட்டூர்புரம். அண்ணா நூற்றாண்டு நூலகம். போகாதவங்க தயவு செஞ்சு ஒரு தடவை போயிட்டு வாங்க. 2010 செப்டம்பர் 15ல திறந்தது. எட்டு மாடி. உள்ள போகக் கட்டணம் இல்லை. ஏசி உண்டு, கழிப்பறை உண்டு, குழந்தைகளுக்குத் தனிப் பகுதி உண்டு. நாமளே நம்ம புத்தகத்தைக் கொண்டு போய் உட்கார்ந்து படிக்கவும் ஒரு பகுதி இருக்கு. ஞாயித்துக்கிழமையும் திறந்திருக்கும். போட்டித் தேர்வுக்குப் படிக்கற பசங்க கூட்டம் அம்மும். பட்டாணி நுழைஞ்சதும் அண்ணாந்து பார்த்துட்டு, "இதுக்கு எவ்வளவுலே?"ன்னு கேட்டான். ஒண்ணும் இல்லைன்னேன். நம்பலை. மூணு மணி நேரம் இன்டர்வியூவுக்குப் படிச்சான். நான் பக்கத்துல ஒரு நாவலைப் பிரிச்சு வச்சுக்கிட்டு நல்லாத் தூங்கினேன்.

இந்த நூலகத்தை 2011ல அப்போதைய அரசு மூடிட்டுக் குழந்தைகள் மருத்துவமனை ஆக்கப்போறதா அறிவிச்சது ஞாபகம் இருக்கா? ஆஸ்பத்திரி நல்ல விஷயம்தான், வேற இடத்துல கட்ட வேண்டியதுதானே? எழுத்தாளர்கள், வாசகர்கள் எல்லாம் கொதிச்சாங்க, வழக்குப் போட்டாங்க, உயர் நீதிமன்றம் தடை போட்டுச்சு. அதனால தப்பிச்சுது. நான் அப்ப ஸ்கூல் பையன். யாரோ முன்பின் தெரியாதவங்க கோர்ட்டு வாசல்ல நின்னதாலதான் இன்னைக்கு என் சிநேகிதன் அந்த நாற்காலியில உட்கார்ந்து படிச்சான். அவங்க யாராவது இதைப் படிச்சீங்கன்னா, ரொம்ப நன்றிங்க.

திங்கட்கிழமை மத்தியானச் சாப்பாட்டுல இதையெல்லாம் டீம்ல வீராவேசமாப் பேசிட்டிருந்தேன். எங்க டீம்ல ஒரு அக்கா எல்லாத்தையும் கேட்டுட்டு நிதானமாச் சொன்னாங்க: "ரெண்டு ஆம்பளைங்க ராத்திரி பீச் மணல்ல உட்கார்ந்து மனசு விட்டுப் பேசினீங்க, சந்தோஷம். நானும் என் ஃப்ரெண்டும் உட்கார்ந்தா பத்து நிமிஷத்துல எத்தனை பேர் சுத்தி வருவான் தெரியுமா? அப்புறம் பாத்ரூம் எங்க தம்பி? நான் மாலுக்குப் போறது ஷாப்பிங்குக்குன்னா நினைக்கிறே? அங்க சுத்தமா ஒரு டாய்லெட் இருக்கு, வாசல்ல செக்யூரிட்டி இருக்கு. அதுக்குத்தான் காசு கொடுக்கறேன்."

எனக்குப் பேச்சு வரலை. இது நான் யோசிக்கவே இல்லாத பக்கம். மெரினாவுல எனக்கு அவசரம்னா இருட்டைத் தேடிப் போயிடுவேன். (அதுவும் கேவலம்தான், ஒத்துக்கறேன்.) அவங்க எங்க போவாங்க? ஆனா அக்கா சொன்னதை எடுத்துக்கிட்டாலும் என் கோவம் குறையலை, கூடத்தான் செய்யுது. ஒரு கழிப்பறையும் நாலு விளக்கும் ஒரு காவலாளியும் ஊர்ப் பொது இடத்துல இருந்திருந்தா, அக்கா அதுக்கு மாலுக்கு மொய் எழுத வேண்டியதில்லை. அதே அக்கா அண்ணா நூலகத்துல தன் பொண்ணைக் கூட்டிட்டுப் போய் நாள் பூரா இருந்திருக்காங்களாம். அங்க இந்த மூணும் இருக்கு. ஒரு இடத்துல முடிஞ்சது மத்த இடத்துல ஏன் முடியலைன்னு வார்டு கவுன்சிலர்கிட்ட கேக்கலாம். நான் இதுவரைக்கும் கேட்டதில்லை. என் வார்டு கவுன்சிலர் யாருன்னே போன வாரம்தான் தேடித் தெரிஞ்சுக்கிட்டேன். எங்க ஏரியா பூங்காவை மத்தியானமும் திறந்து வைக்கச் சொல்லி ஒரு மனு எழுதிக் கொடுத்திருக்கேன். வாங்கி வச்சுக்கிட்டாங்க. பார்ப்போம்.

வெயில்ல அலைய முடியாது, வயசானவங்களைக் கூட்டிட்டு வந்தா மால்தான் வசதின்னு சொல்றவங்களுக்கு: சரிதான், போங்க. நானும் போவேன். இந்த வருஷமும் அக்னி நட்சத்திரத்துல என்னை ஏதாவது ஒரு மால்ல பார்க்கலாம். போறது தப்பில்லை. வேற போக்கிடமே இல்லாமப் போறதுதான் தப்பு. சிநேகிதன் வந்தா 'எங்க போலாம்'னு கேக்காம 'எங்க புக் பண்ணலாம்'னு கேக்கறோம் பாருங்க, அந்த வார்த்தை மாறினது எப்பன்னு எனக்கே தெரியலை.

பட்டாணிக்கு அந்த இன்டர்வியூவுல ரெண்டாவது ரவுண்டு வந்திருக்கு. இந்த மாசக் கடைசியில மறுபடி வர்றான். இந்தத் தடவை ரிசர்வேஷன் போட்டே வர்றானாம், முந்தின தடவை ராத்திரி பூரா அன்ரிசர்வ்டுல நின்னுகிட்டு வந்திருக்கான். அதையும் பேச்சுவாக்குலதான் சொன்னான்.

அந்த 2,535 ரூபாய் என்னை உறுத்திக்கிட்டே இருந்துச்சு. செவ்வாய்க்கிழமை காலையில அவனுக்கே திருப்பி அனுப்பினேன். அஞ்சு நிமிஷத்துல டிங். அதே 2,535 திரும்பி வந்துச்சு. கீழ ஒரு வரி: "அது நான் தின்னதுலே. சுண்டல்ல உன் பங்கு இருபது ரூவா நிக்கி, அதை அனுப்பு."

அனுப்பிட்டேன்.